தொட்டில் நாடாவில் கட்டிய குஞ்சுகள்

முன்னறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். பசிக்குக் கத்தும் குஞ்சுக்கு ஒரு குரல் உண்டு, குளிருக்குக் கத்தும் குஞ்சுக்கு இன்னொரு குரல். இது இரண்டும் இல்லை. எழுந்து நிற்க முடியாமல் கிடந்த இடத்திலேயே உழலும் குஞ்சின் குரல். சமையலறையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்த கும்ரி கையை நிறுத்தவில்லை.

"இன்னைக்கு எந்த வீட்டு அறிவாளி?" என்று கேட்டாள்.

தம்பி மனைவி மஸ்தூரா கதவோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கோவப்படாதீங்க. ரோபியா பெரியம்மா வந்திருக்காங்க."

அப்போதுதான் கும்ரியின் கை நின்றது. உருட்டுக்கட்டை மட்டும் பலகையின் ஓரம் வரை உருண்டு போனது.

அந்திஜான் நகரத்தின் அந்தத் தெருவில் கும்ரியின் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருவார்கள். மேலங்கிக்குள் ஒரு பெட்டியை ஒளித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே நுழைவார்கள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முக்காட்டைத் தொடக்கூட அவளை விடாத பெண்கள் அவர்கள். இடது காலை இழுத்து இழுத்து நடக்கும், வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத ஒருத்தியின் நிழல் பட்டால் மணப்பெண்ணுக்கு ஆகாதாம். ஆனால் அவர்கள் வீட்டுக் கோழிக்குஞ்சு கால் விரிந்து படுத்துவிட்டால் மட்டும் அதே நிழல் வேண்டும். மெத்தை தைத்துப் பிழைக்கும் கும்ரிக்கு இந்தக் குஞ்சு வைத்தியத்தால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அவர்களைத் தன் முன்னால் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லலாம், அது கிடைக்கும். அந்த இன்பத்தை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் ரோபியா? அவள் இந்த வாசலை மிதித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கடைசியாக வந்தது தன் மகன் இல்ஹோமுக்குப் பெண் கேட்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் முகத்தையா பார்க்கிறார்கள்? தேநீர்க் கெண்டியைக் கொடுத்து நடக்கச் சொல்லி நடையைப் பார்க்கிறார்கள். கும்ரி நடந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, இடுப்பு வலியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தாள். பியாலாக் கிண்ணத்தில், அந்த ஊர் மரியாதைப்படி, பாதியளவு ஊற்றி நீட்டினாள். ரோபியா அந்தக் கிண்ணத்தின் வாயைக் கையால் மூடினாள். எழுந்தாள். தெருவுக்குப் போய், உள்ளே கேட்கும்படி சொன்னாள்: "மாடு வாங்குறவன்கூட நாலு காலையும் பார்த்துத்தானே வாங்குவான்?"

அந்தத் தேநீர் ஆறிப்போய் அப்படியே கிடந்தது. கும்ரியின் இளமையும் அதோடு ஆறிப்போனது.

கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் அவள் முன்னறைக்குப் போனாள். வேண்டுமென்றே மெதுவாக, காலை நன்றாக இழுத்து நடந்தாள்.

"வாங்க பெரியம்மா. வழி ஞாபகம் இருந்துச்சா?"

வெல்வெட் மேலங்கியில் விறைத்து உட்கார்ந்திருந்த கிழவி கண்ணை இறக்கிக்கொண்டாள். "பழசை எதுக்கும்மா கிளறுற? குஞ்சுங்க சாகுது. உன் கை பட்டா நடக்கும்னு தெருவே சொல்லுது."

"இந்தக் கால் பட்டா வீடு விளங்காதுன்னு சொன்னதும் இதே தெருதான். பெட்டியத் திறங்க."

பெட்டிக்குள் பளபளவென்று ரோஜாப்பூ அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் புதிதாகப் பொரிந்த குஞ்சுகள் சறுக்கிக்கொண்டு கிடந்தன. கும்ரி பெட்டியைப் பார்த்தாள், கிழவியைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"ரோஜாப்பூ! குஞ்சுங்களுக்கு விருந்து வைக்கப் போறீங்களா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"உங்களைப் பனிக்கட்டி மேல நிக்க வெச்சா நிப்பீங்களா? பொறந்த குஞ்சோட காலு எலும்பா? வெண்ணெய். வழுக்குற இடத்துல விட்டா ரெண்டு பக்கமும் விரிஞ்சுதான் போகும். பழைய துண்டு ஒண்ணு கிடைக்கலையா உங்க மாளிகையில?"

ஒரு குஞ்சைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் இரண்டு கால்களும் பின்னால் நேராக நீட்டப்பட்டு, தொடையிலிருந்து விரல் வரை ஒரு வெள்ளை நாடாவால் சுற்றப்பட்டிருந்தன. நீல ஓரம் வைத்த, மெத்தென்ற நாடா. அந்த ஊரில் கைக்குழந்தையை மரத்தொட்டிலில் அசையாமல் கட்டிவைக்கும் நாடா.

"இது என்ன கூத்து?"

ரோபியாவின் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. "கால் விரியுதே. அதான் பேரனைத் தொட்டில்ல கட்டுற மாதிரி நேரா நீட்டிக் கட்டினேன். அவனோட தொட்டில் நாடாவுலயே ஒரு ஓரம் வெட்டினேன். நல்ல நாடாம்மா, சம்பந்தி வீட்டுலேர்ந்து தொட்டிலோட வந்தது."

"ஓஹோ. தாலாட்டும் பாடினீங்களா?"

மஸ்தூரா வாயைப் பொத்திக்கொண்டு தேநீர் போட ஓடினாள்.

கும்ரி கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள். குஞ்சின் காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி நீவிவிட்டாள். ஒட்டும் பிளாஸ்திரியில் மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, இரண்டு கால்களிலும் தளர்வாகச் சுற்றினாள். நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டாள். பிறகு ஒரு பியாலாவில் துண்டுக் கிழிசலைத் திணித்துக் குஞ்சை அதற்குள் இறக்கினாள். கிண்ணத்தின் சுவர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டது. குஞ்சு ஆடியது, தலையைத் தொங்கப்போட்டது, பிறகு நின்றது.

"ஐயோ, நிக்குது பாரு!" என்றாள் ரோபியா.

"நிக்காம? காலை உடம்புக்குக் கீழ கொண்டாந்து விட்டா நிக்கும். விறைப்பாக் கட்டினா செத்துதான் போகும். தினமும் கட்டை அவுத்துப் பாருங்க. ரொம்ப நேரம் கிண்ணத்துல போட்டு வெக்காதீங்க. தண்ணி காட்டுங்க, முட்டை மஞ்சக்கரு கொஞ்சம் பிசைஞ்சு ஊட்டுங்க. புரிஞ்சுதா, இல்ல பேரனுக்குச் சொல்ற மாதிரி பாட்டாவே சொல்லணுமா?"

விரல் சுருண்ட இன்னொரு குஞ்சுக்கு அட்டையில் செருப்பு மாதிரி வெட்டி, விரல்களை விரித்து ஒட்டினாள். வேலை நடக்க நடக்க ரோபியாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது. பயம் தெளிந்ததும் வாய் திறந்துகொண்டது.

"பேரன்னதும் ஞாபகம் வருது. இல்ஹோமுக்கு மூணும் பொண்ணாப் பொறந்து, இப்பத்தான் இந்தச் சிங்கம். ஆனா தொட்டில்ல கட்டினாலே கத்துறான். மருமக இளகிடுறா. நான் விடுறதில்ல. இறுக்கித்தான் கட்டுவேன், கால் குச்சி மாதிரி நேரா இருக்கணும். இடது கால்தான் கொஞ்சம் பிடிவாதம். துணி மாத்துறப்போ விரியவே மாட்டேங்குது. பிடிச்சு விரிச்சா உள்ள டொக்குன்னு ஒரு சத்தம்!" கிழவி சிரித்தாள். "இப்பவே சுடக்கு போடுறான், திருட்டுப் பய."

கும்ரியின் கையில் கத்தரிக்கோல் பாதி திறந்தபடி நின்றது.

டொக். அந்தச் சத்தத்தை அவளுடைய அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதாள். தெருவிலேயே அழகாகத் தொட்டில் கட்டுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அம்மா. மகளின் கால் நேராக வளர வேண்டும் என்று இறுக்கி இறுக்கிக் கட்டினாள். இடுப்புக் குழியில் உட்கார வேண்டிய எலும்பு உட்காரவே இல்லை. கும்ரி நடக்க ஆரம்பித்த பிறகு காலம் கடந்துவிட்டது என்று மருத்துவர் கையை விரித்தார், அவ்வளவுதான்.

அவள் நெஞ்சுக்குள் ஒரு பாம்பு தலை தூக்கியது. பேசாமல் இரு, என்றது. குஞ்சைக் கொடுத்து அனுப்பு. அந்தச் சிங்கம் ஒருநாள் இந்தத் தெருவில் காலை இழுத்து நடக்கட்டும். யார் வீட்டுக் கிழவியாவது அவனுக்கும் நாலு காலை எண்ணிப் பார்க்கட்டும். நீ வாசலில் உட்கார்ந்து பார்.

எவ்வளவு இனிப்பாக இருந்தது அந்த நினைப்பு! ஒரு மூச்சு நேரம் அவள் அதைச் சுவைத்தாள்.

பிறகு கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். ரோபியாவின் கையை வெடுக்கென்று பிடித்துத் தன் இடுப்பில் வைத்து அழுத்தினாள். காலைத் தூக்கி இறக்கினாள். உள்ளே எலும்பு நகர்ந்தது.

"கேக்குதா? உங்க பேரனோட சுடக்குதான். வளர்ந்து பெரிசாயிருக்கு."

கிழவி சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்தாள். கண்ணேறு கழியச் சட்டைக் காலருக்குள் தூ தூ என்று துப்பினாள். "பொறாமை பிடிச்சவளே! என் பேரன் மேல கண்ணு வைக்கிறியா? வீட்டுக்குப் போய் முதல்ல புகை போடணும்!"

"போடுங்க. தெரு முழுக்கப் போடுங்க. இடுப்பு எலும்பு புகையில போய் உள்ள உக்காராது. கட்டை அவுத்துட்டு, புள்ளையத் தூக்கிட்டு எலும்பு டாக்டர்கிட்ட ஓடுங்க. இப்பவே போனா காலை விரிச்சு வைக்கிற பட்டை போட்டுச் சரி பண்ணுவாங்க."

"குஞ்சுக்குக் கால் விரியக் கூடாதுங்கற. புள்ளைக்கு விரியணும்ங்கற. என்னைப் பைத்தியம்னு நினைச்சியா?"

"அதுல எனக்குச் சந்தேகம் வந்ததே இல்ல. கோழிக்கு மேல உங்க பேரனை மதிக்கத் தெரிஞ்சா வித்தியாசம் புரியும். புள்ளைக்குக் கால் விரிஞ்சாத்தான் எலும்பு குழிக்குள்ள உக்காரும்."

"சாபம் குடுக்கற. நொண்டி வாயால சாபம் குடுக்கற..."

"சாபமா?" கும்ரியின் குரல் முதல்முறையாக உடைந்தது. "வாய மூடிக்கிட்டுப் பெட்டியக் கட்டிக் குடுத்திருந்தா, அதுதான் பெரியம்மா சாபம்."

ரோபியாவின் கண் கத்தரிக்கோலின் பக்கத்தில் கிடந்த நாடாத் துண்டுக்குப் போனது. அங்கிருந்து கும்ரியின் இடுப்புக்கு வந்தது. பின்பு, பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அந்தக் காலுக்கு இறங்கியது. அன்று பார்த்ததுபோல இன்று அவளால் பார்க்க முடியவில்லை.

மஸ்தூரா தேநீரோடு உள்ளே வந்தபோது கிழவி எழுந்துவிட்டாள். வாசலில் ரப்பர் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டினாள். மாற்றிப் போடக்கூட நிற்கவில்லை. மேலங்கி ஒரு தோளிலிருந்து நழுவித் தெருப்புழுதியில் இழுபட, தன் வீட்டுப் பக்கம் தட்டுத்தடுமாறி, ஏறக்குறைய ஓடினாள்.

கும்ரி நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த நடையை அணு அணுவாகப் பார்த்தாள்.

"அக்கா, குஞ்சுங்களை விட்டுட்டுப் போறாங்களே! டீயைத் தொடக்கூட இல்ல!"

"போகட்டும் விடு. அந்தக் கிழவி இந்த வீட்டு டீயைக் குடிச்சதா சரித்திரமே இல்ல."

சொல்லிவிட்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் மாவு அப்பிக்கொண்டது. குஞ்சுகளுக்குக் காற்றுப் படுகிறது என்று மஸ்தூராவை அதட்டிவிட்டு, கதவைச் சாத்தினாள்.