நளீராவும் பிஸினஸ் கிளாஸ் புடிங்கும்

பதுளை பசார் வீதியில் ஜுனைதீன் முதலாளியின் புடவைக்கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மனைவி நளீராவின் வட்டிலப்பத்தைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் அந்த ஊரில் இல்லை. கலியாண வீடென்றால், சோறாக்க ஆள் பிடிப்பதற்கு முன்னால் நளீராவிடம் சொல்லி வைத்துவிடுவார்கள். கித்துல் கருப்பட்டியை அவளே முகர்ந்து பார்த்து வாங்குவாள். முட்டையை அவளே அடிப்பாள். அவிக்கும்போது குசினிக்குள் ஒரு குருவி போகக்கூடாது. கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்துச் சாப்பிடுகிறவளும் அவள்தான். "எனக்கு நாக்கு ஒரு முழம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்குள் சீனி வருத்தம் நுழைந்தது. அதைக் கண்டுபிடித்தது டொக்டர் அல்ல, நளீராதான். கக்கூஸுக்குள் எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்த்தாள். இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் கவனித்தாள். மூன்றாம் நாள் புருஷனை இழுத்துக்கொண்டு போய் டொக்டர் சிற்றம்பலத்தின் முன்னால் உட்கார வைத்தாள். டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள். பதுளை பெரியாஸ்பத்திரியில் வேலை, பின்னேரங்களில் வீட்டில் நோயாளி பார்ப்பார். சோதித்துப் பார்த்துவிட்டு அவர் ஜுனைதீனைப் பார்க்காமல் நளீராவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அம்மா, இவர் வாயைக் கட்டமாட்டார், முகத்திலேயே தெரியுது. நீங்கள்தான் பார்க்கவேணும். காலில ஒரு புண் வந்து ஆறாமல் விட்டுதெண்டால், பிறகு முழங்காலுக்குக் கீழ வெட்டி எடுக்க வேண்டி வரும். விளங்குதோ?"

விளங்காமல் என்ன! அன்றைக்கே வீட்டிலிருந்து சீனி வெளியே போனது. சீனிப் போத்தலைக் கழுவிக் காயவைத்து மிளகைப் போட்டு வைத்தாள். கருப்பட்டிப் பானை கவிழ்ந்தது. தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துணி வாங்க வருகிற வாடிக்கைக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் அதிரசமும் பயத்தம் உருண்டையும் வாசற்படியோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கலியாண வீடுகளிலிருந்து கேட்டு வந்தவர்களையும், "இனிமேப்பட்டு என்னால ஏலா" என்று திருப்பி அனுப்பினாள்.

அதோடு அவளும் சீனியை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் நக்குவதும் ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பதுமா? வெறும் பிளேன்டீயை மடக் மடக்கென்று குடித்துப் பழகினாள். போகிற இடத்தில் யாராவது இனிப்பை நீட்டினால், "எனக்கு இப்ப இனிப்புப் புடிக்கிறல்ல" என்று ஒரு பொய். சொல்லிச் சொல்லி ஊரே அதை நம்பிவிட்டது. நளீராவுக்கு நாக்குச் செத்துப்போச்சு என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். ஜுனைதீன்கூட ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கேட்காதது அவளுக்கு மனதின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜுனைதீன் இலேசுப்பட்ட ஆளும் இல்லை. யாவாரம் என்று சொல்லிக்கொண்டு மொனராகலைக்கு பஸ் ஏறுவார். அங்கே யாவாரம் என்ன யாவாரம்? எருமைத் தயிரும் அதன்மேல் பாகாக ஊற்றுகிற கித்துல் பாணியும்தான். வீட்டுக்கு வந்ததும் நளீரா சட்டையைக் கழற்றி வாங்கி ஆணியில் தொங்கவிடுவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் கைப்பக்கத்தில் எறும்பு. பிறகு அன்று இராச் சாப்பாடு முடியும்வரை அந்த மனிதர் தலை நிமிர மாட்டார். இப்படியே காவல் காத்துக் காத்து, பத்து வருஷத்துக்கு மேலாக அவருடைய காலை உடம்போடு வைத்திருந்தாள்.

எண்பத்திரண்டில் மகள் றஷீனாவிடமிருந்து செய்தி வந்தது. அவள் புருஷன் ஸரூக்கோடு கனடாவில், மொன்றியலில் இருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில். உம்மாவும் வாப்பாவும் வந்தே ஆகவேண்டும் என்று ஸரூக் டிக்கட்டையும் அனுப்பிவிட்டான். அந்த நேரம் பார்த்து ஜுனைதீனின் வலது குதிகாலில் ஒரு புண். டொக்டர் சிற்றம்பலம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"போகலாம். ஆனால் சாப்பாட்டுக்கு முந்திக் குளிசை, சாப்பாட்டில சீனி கிட்டவும் இல்லை. ஒரு நாள் பிசகினாலும் இந்தக் கால் பொறுக்காது, அம்மா" என்றார்.

"என்ட கையவிட்டுப் போவாது டொக்டர்" என்றாள் நளீரா. குளிசைப் போத்தலைத் தன் கைப்பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லண்டன்வரை போனாள். வழியில் வந்த சாப்பாட்டுத் தட்டிலிருந்து கேக்கையும் ஜாமையும் எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்தாள். தன்னுடையதையும் சேர்த்துத்தான்.

லண்டனில் பிளேன் மாறவேண்டும். அங்கே கருமபீடத்தில் இருந்த மனிதர் டிக்கட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு ஜுனைதீனிடம் ஏதோ சொன்னார். தோட்டத்துத் துரைசாணிமாருக்குத் திரைச்சீலைத் துணி விற்றுப் பழகிய ஆளல்லவா, ஜுனைதீனுக்கு இங்கிலீசு ஓரளவுக்கு ஓடும்.

"பின்னுக்கு ஒரு சீட் குறையுதாம். ரெண்டு பேர்ல ஒராள் முன்னுக்கு, பிஸினஸ் கிளாஸ்ல இரிக்கோணுமாம். மேல்சல்லி வாணாமாம்."

"அப்ப நீங்க போங்க. கால நீட்டிக்கொண்டு இரிக்கலாம்" என்று நளீரா அவரைத் தள்ளிவிட்டாள். யோசிக்கவேயில்லை. அவள் மனதில் இருந்தது கால் மட்டும்.

"பிஸினஸ்காரனுக்குத்தானே அந்த சீட்" என்று சொல்லி, கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நொண்டி நொண்டிப் போனார் ஜுனைதீன்.

பிளேன் கிளம்பிக் கடலுக்கு மேலே வந்த பிறகுதான் நளீரா முன்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு நீலத் திரை. அது ஒரு தரம் விலகியபோது, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் தள்ளுவண்டி உருட்டிப் போவதைப் பார்த்தாள். வண்டியில் கேக், கிறீம், பழம், கண்ணாடிக் கிண்ணங்களில் பளபளவென்று கரமல் புடிங். திரை மூடிக்கொண்டது. நளீரா மடியைப் பார்த்தாள். கைப்பை. பைக்குள் குளிசை!

அட அல்லாவே, குளிசை இங்கே, மனிதர் அங்கே, புடிங் அவருக்கு முன்னாலே! பூனையைக் கொண்டுபோய்க் கருவாட்டுப் பெட்டிக்குள் தானே அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்காலைத் தாண்டி, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். திரைக்குப் பக்கத்தில் ஒரு பணிப்பெண் சிரித்துக்கொண்டே வழியை மறித்தாள். நளீராவுக்குத் தெரிந்த இங்கிலீசு எல்லாம் ஒரு கைக்குள் அடங்கும். "ஹஸ்பன்ட்! சுகர்! நோ சுகர்!" என்று போத்தலைத் தூக்கிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. அவளே நளீராவின் தோளைப் பிடித்துத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜுனைதீன் காலை நீட்டிக்கொண்டு துரை மாதிரிச் சாய்ந்திருந்தார். முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம். வெறும் கிண்ணம். அடியில் பாகு மட்டும் மினுங்கியது.

"திண்டுட்டீங்களா? கால வெட்டினாத்தான் ஒங்களுக்குப் புத்தி வருமா? றஷீனாட புள்ளையத் தூக்கிக்கொண்டு நடக்க வாணாமா? நான் ஒராள் பின்னால உசிரக் கையில புடிச்சிக்கொண்டு…" முன்பக்கத்துக் கனவான்கள் எல்லாம் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பணிப்பெண் ஜுனைதீனிடம் ஏதோ கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவளிடம் நிதானமாக, நீளமாக, ஏதோ சொன்னார். 'வைஃப்' என்ற சொல் மட்டும் நளீராவுக்குப் பிடிபட்டது. அந்தப் பெண் நளீராவைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு இரக்கம். ஜுனைதீன் எழுந்தார்.

"நீ இதுல இரி. நான் பின்னுக்குப் போறேன்."

"எனத்துக்கு?"

"இரி எண்டா இரியேன்." குளிசைப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவர் பாட்டுக்குத் திரையை விலக்கிப் போய்விட்டார்.

நளீரா பின்னாலேயே பாய்ந்திருப்பாள். ஆனால் அந்த நேரம் பிளேன் குலுங்கத் தொடங்கியது. மணி அடித்தது, தலைக்கு மேலே வெளிச்சம் எரிந்தது, பணிப்பெண் அவளை உட்கார வைத்து இடுப்பில் பட்டியை மாட்டிவிட்டாள். சீட் என்றால் சீட்டா அது, இரண்டு பேர் படுக்கலாம். நளீராவுக்கு அது முள்ளாகக் குத்தியது. மனிதர் எவ்வளவு தந்திரமாகத் தப்பிப் போய்விட்டார்! பின்னாலேயும் கேக் கொடுக்கிறார்கள். கேட்க ஆளில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

குலுக்கல் நின்றதும் அந்தப் பெண் வந்தாள். நளீராவின் முன்னால் வெள்ளைத் துணி விரித்தாள். சூடான துவாய் கொடுத்தாள். மரக்கறிச் சோறு வைத்தாள். நளீராவுக்குக் கலியாணமான நாளிலிருந்து இன்றுவரை யாரும் அவளுக்குச் சாப்பாடு போட்டு, பக்கத்தில் நின்று, போதுமா என்று கேட்டதில்லை. கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வந்தது. கரமல் புடிங்.

அவள் அதைப் பார்த்தாள். அது அசைந்தது. திருப்பிக் கொடுக்கக் கை போனது, பாதி வழியில் நின்றது. இங்கே பதுளை ஆள் ஒருவரும் இல்லை. அவரும் இல்லை. திரை மூடியிருக்கிறது. கரண்டியின் நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள்.

யா அல்லாஹ்! நாக்குச் செத்துப்போச்சு என்று எவள் சொன்னது? பாகு தொண்டைக்குள் இறங்கும்போது அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது கரண்டி, மூன்றாவது கரண்டி. அடியை வழித்தபோது கரண்டி கிண்ணத்தில் பட்டுச் சத்தம் போட்டது. தலை நிமிர்ந்தால் அந்தப் பணிப்பெண், கையில் இன்னொரு கிண்ணத்தோடு நிற்கிறாள். நளீரா வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, அதையெல்லாம்விட சந்தோஷமாக இருந்தது. பிறகு, புருஷனைத் திட்டிவிட்டுத் தான் இப்படிச் செய்ததை நினைத்து மொன்றியல்வரை கண்ணை மூடவில்லை.

இறங்கி, பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில்தான் ஜுனைதீனைப் பிடித்தாள். பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முந்திக்கொள்வதுதான் நல்லது என்று பட்டது.

"குளிசை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அந்தப் புள்ளக்கிட்ட என்னமோ நீட்டி முழக்கினீங்களே, என்ன செல்லினீங்க?"

ஜுனைதீன் பெட்டி வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெஞ்சாதிக்குச் சொகமில்ல, கனகாலமா ஒண்டும் ருசியாத் தின்னல்ல, நல்லாக் கவனிங்க எண்டு செல்லினேன்."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கடதாசித் துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். நசுங்கிப்போன ஒரு துண்டுக் கேக். மேலே வெள்ளைச் சீனிப் பூச்சு.

"பின்னுக்குத் தந்தாங்க. என்ட பங்கு. நான் தொடல்ல, எறும்ப உட்டு வேணுமெண்டா பாத்துக்க. முன்னுக்கு ஒரு புடிங் திண்டேன், அத மறைக்கல்ல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வருத்தம் எனக்குத்தானே நளீரா. நீ எனத்துக்கு உட்டாய்? பாத்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டா, பொறகு எனக்குத் திங்க ஏலாமப் போயிரும் எண்டு கேக்கல்ல. மொனராகலைக்குப் போற ஒவ்வொரு நாளும் தயிர்ச்சட்டிக்கு முன்னால ஒன்ட மொகம்தான். அப்பிடியிருந்தும் திண்டேன். வெக்கமில்லாத மனிசன் நான்."

அவளுக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் கேட்காமலிருந்த கேள்வியைக் கொண்டுவந்து இந்தப் பெட்டிகளுக்கு நடுவிலா கேட்பது! இரண்டையும் செய்யாமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நான் ரெண்டு திண்டேன்."

"என்ன?"

"புடிங். முன்னுக்கு. ரெண்டு."

ஜுனைதீன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய பெட்டி, கயிறு கட்டிய பதுளைப் பெட்டி, ஒரு சுற்று வந்து அவர்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. நளீரா கடதாசியைப் பிரித்து, புருஷனுக்கு முன்னால், நின்ற நிலையிலேயே அந்தக் கேக்கைச் சாப்பிட்டாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துணுக்குக்கூடக் கேட்கவில்லை.

"எப்பிடி?" என்றார்.

நளீரா உதட்டிலிருந்த சீனியைத் துடைத்துக்கொண்டாள்.

"சீனி போதாது" என்றாள்.