அனுமதித் தாள்

எழுபதுகளின் கடைசியில், ஹெல்கா என்ற ஜெர்மன் மாணவி ஒரு வருடம் தங்கிப் படிக்க எங்கள் திருச்செங்கோட்டு வீட்டுக்கு வந்தாள். வெளிநாட்டார் இரண்டு வாரத்துக்குள் போலீஸ் ஆபீசில் பதிந்து, தங்கும் அனுமதி வாங்க வேண்டும். விருந்துக்கு வந்த பெண்ணைப் போலீஸ் படி ஏற்றினால் சொந்தபந்தம் என்ன பேசும் என்று நான்தான் தட்டிக்கழித்தேன். அவள் கேட்டபோது, "அதெல்லாம் எங்க ஊட்டுக்காரரு முடிச்சுட்டாருங்க சாமி" என்று பொய்யும் சொன்னேன்.

இரண்டாம் மாதம் அவளுக்குக் குடல்வால் வீங்கி, சேலத்து ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன் நடந்தது. காப்பீட்டுக்காக அனுமதித் தாளைக் கேட்டார்கள். இல்லை என்றதும் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கட்டிலருகே வந்து, பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டார்.

"ஏம்மா பதியல? இந்தப் பொண்ணத் திருப்பி அனுப்பிருவாங்க. ஊட்டுல வெச்சிருந்த உங்க மேலயும் கேசு வரும்."

நான் அவள் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"அவங்க பதியச் சொன்னாங்க. நாந்தானுங்க மறந்துட்டேன்" என்றாள் ஹெல்கா, எங்கள் வீட்டில் கற்ற தமிழில்.

அவர் அவளைக் கண்டித்து, உடனே பதியச் சொல்லிவிட்டுப் போனார். நான் வாயே திறக்கவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஜெர்மனி திரும்பியபின் அவள் எழுதிய கடிதங்களைப் பிரிக்கவே எனக்குப் பயம். ஒவ்வொன்றும், "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றுதான் தொடங்கும்.