கம்பி வேலியில் கிழிந்த சுல்தான்

நேற்று மகளின் பக்கத்து வீட்டில், மெலிந்த நெடுங்கால் நாயொன்று மழைக் குளிரில் நடுங்கியது. எனக்குச் சுல்தானின் ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளில், எனக்கு ஒன்பது வயது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை வாப்பாவுக்குக் கொடுத்த வேட்டை நாய் அது. எங்கள் வயல் வாடியில், காவல் குடிசையில், நின்றது. ஓடுவது எதைக் கண்டாலும் பாயும். பாய்ந்தபின் கூப்பிட்டால் கேளாது. அன்று முயலைத் துரத்தி முள்ளுக்கம்பி வேலிக்குள் புகுந்துவிட்டது. அதன் மெல்லிய தோல் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

வாப்பா ஊசியில் நூல் கோத்தார். தலையைப் பிடிக்க ஆளில்லை. சோறு கொண்டு வந்த உம்மா, நாய் பக்கமே போகாதவர், தூர நின்றார்.

“கடிச்சா என்ன செய்வீங்க?”

“தைக்காட்டி மௌத்தாப் போயிரும்,” என்றார் வாப்பா.

உம்மா வந்து குந்தி, அதன் தலையை மடியில் அமுக்கினார். “நீங்க தைங்க. நான் புடிக்கிறன்.”

ஒவ்வொரு குத்துக்கும் சுல்தான் பல்லைக் காட்டி உறுமியது. உம்மா கையை எடுக்கவில்லை.

முடிந்ததும், நாயைத் தொட்டால் மார்க்கம் சொல்லும் முறைப்படி, உம்மா வாய்க்காலில் ஒரு தடவை மண் தேய்த்து, ஏழு தடவை கை கழுவினார். திரும்பி வந்து நடுங்கும் நாயைப் பார்த்தார்.

“இதுக்குக் குளிருது. வீட்டுக் கோடிப்பக்கம் கொண்டு வாங்க.”

காயம் ஆறிய பிறகும் சுல்தான் வீட்டின் பின்புறத்தை விட்டு வாடிக்குத் திரும்பவில்லை.