வெங்கலக்கடைக்குப் பூட்டு

சிரிப்பு வந்துவிட்டால் முதலில் வாயைப் பொத்துவாள். கன்னம் உப்பும், கண்ணில் நீர் கோக்கும். அப்புறம் ஓட்டம்தான்.

கல்லூரியில் கணக்கு படிக்கிறாள். சனிக்கிழமையானால் வகுப்புத் தோழர்களோடு சமூகக் கூடத்தில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்துகிறாள். தோழர்கள் அவளுக்கு வைத்த பெயர் வெங்கலக்கடை. அந்தக் கடைக்குள் யானை புகுந்தால் என்ன சத்தம் வருமோ, அதுதான் அம்மணியின் சிரிப்பு. பசை டப்பா திறக்காவிட்டால் சிரிப்பாள். திறந்துகொண்டால் அதற்கும் சிரிப்பாள். “எல்லாருக்கும் சைலன்சர் வச்ச கடவுள் எனக்கு மட்டும் ஏன்டா மறந்தாரு?” என்று வேறு கேட்பாள்.

அந்தக் கூடத்தில் யாரும் கைதட்டுவதில்லை. சத்தம் ஆகாத பிள்ளைகள் உண்டு. அதனால் பாராட்டென்றால் இரண்டு கையையும் தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டுவார்கள். இவளுக்கு அதுவே பழகிவிட்டது. அக்கா பட்டம் வாங்கிய அன்று அரங்கமே கைதட்ட, இவள் மட்டும் எழுந்து நின்று விரலாட்டினாள். “யாரைடி விரட்டுற, கொசுவையா?” என்றாள் அம்மா. அவ்வளவுதான், கடைக்குள் யானை புகுந்துவிட்டது.

இத்தனை கும்மாளத்துக்கும் நடுவே அவளை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. மகாராணி என்று எல்லாரும் அழைக்கும் ஏழு வயதுப் பெண், காதை மூடும் பெரிய ஹெட்போனோடுதான் வருவாள். போன மாதம் முதல்முறையாக அதைக் கழற்றி வைத்த வேளையில், நம் வெங்கலக்கடை, பாவி மகள், சிரித்துத் தொலைத்தாள். குழந்தை அலறிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தது. அதன்பிறகு அப்பாவின் காரைவிட்டு இறங்கவேயில்லை.

“உன் தப்பில்லம்மா. அவளுக்குத் தோணும்போது வருவா,” என்றார் குழந்தையின் அப்பா.

“இல்ல அங்கிள். இனிமே நான் வாயத் தொறந்தா நீங்களே பூட்டு போட்டுடுங்க!”

இந்தச் சனிக்கிழமை மகாராணி இறங்கி வந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடக்க, சுவரோரம் தன் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். வெங்கலக்கடை மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பிள்ளைகள் பெரிய போர்வையைச் சுற்றிப் பிடித்துக் காகிதப் பந்துகளைக் குதிக்கவிட்டார்கள். உருண்டு போன பந்தை எடுக்க, தோழன் நெட்டையன் குனிந்தான். அப்படியே அவன்மேல் போர்வையைப் போட்டுவிட்டார்கள் வாண்டுகள். போர்வை எழுந்து நடந்தது. சுவரில் போய் முட்டியது. “சாரிங்க,” என்று சுவரிடம் மன்னிப்புக் கேட்டது.

ஐயோ! இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவள் என்ன கல்லா? வாயைப் பொத்திக்கொண்டு பாய்கள் அடுக்கிய பின்னறைக்கு ஓடினாள். ஒரு தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். வயிறு வலித்தது. ‘கடவுளே, வெளியே மட்டும் கேட்டுடக்கூடாது.’

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினால், மகாராணி.

“போச்சுடா… கேட்டுடுச்சா பாப்பா?”

மகாராணி கழுத்தில் கிடந்த ஹெட்போனைத் தூக்கி, முதலில் ஒரு காதை மூடினாள், பிறகு மறு காதை. சிக்கிய முடியை நிதானமாக விலக்கினாள். அப்புறம் தலையணையைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் வாயையே அண்ணாந்து பார்த்தாள்.

“ம்… சிரி.”