பந்து உள்ளே விழவில்லை

தாஹிரா அக்கா இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி வாட்ஸாப் குழுவில் வந்தது. அதற்கு மேலே இருந்த செய்தி, கோல்ஃப் போட்டிக்கு வேலை செய்ய வருபவர்கள் டி-ஷர்ட் அளவு சொல்ல வேண்டும் என்பது. அக்கா இறந்த செய்திக்குக் கீழே மூன்று பேர் கும்பிட்ட கைப் படம் போட்டார்கள். நான்காவது ஆள் ‘எக்ஸ்எல்’ என்று அனுப்பினார். அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தால் எழுத மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், பார்த்துவிட்டு வேறு இடம் போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மாரடைப்பு. வயது நாற்பத்தேழு. பூந்தமல்லியில், அவர் வீட்டிலேயே. அன்று மாலையே அடக்கம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏழுமலையும் நானும் போயிருந்தோம். கம்பெனி வண்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம் வந்து இறங்கியது. குறுக்கே ரிப்பன், ரிப்பனில் கம்பெனி பெயர், அதன் கீழே கோல்ஃப் போட்டியின் சின்னம். அந்த வீட்டில் மலர்வளையம் வைக்கிற வழக்கம் உண்டா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினாறு வருடம் வேலை செய்த பெண் அவர். அக்காவின் கணவர்தான், “நல்ல மனசோட அனுப்பிச்சிருக்காங்க. ஓரமா வச்சிடுப்பா” என்றார். தூக்கிக்கொண்டு போன ஏழுமலை என் காதில், “இதுலயும் போஸ்டர் ஒட்டிகினு வந்துட்டானுங்க பாரு மாமே” என்றான்.

நான் பி.ஈ. முடித்து உற்பத்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் அவரோடு போட்ட சண்டை பலருக்கு நினைவிருக்கும். நாம் செய்வது பிரேக் பாகங்கள். அக்கா கடைசிப் பரிசோதனை மேசையில் இருந்தார். ஒரு பெட்டி முழுக்கத் துளை அளவு மயிரிழை பெரிதாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். லாரி கேட்டில் நிற்கிறது என்று கத்தினேன்.

“லாரி நிக்கட்டும், அதுக்கு இன்னா? நாளைக்கு பிரேக் புடிச்சா வண்டி நிக்கணுமா வேணாமா?”

“டிராயிங் எனக்கும் படிக்கத் தெரியும் அக்கா.”

“தெரியுதுல்ல? அதுல ஒரு அளவு கீது, உன் வாயில ஒரு அளவு கீது. எத புடிச்சிகினு நான் பாஸ் பண்றது, சொல்லு.”

மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னேன். மறுபடி அளந்தார்கள். அக்கா சொன்னதுதான் சரி. திரும்பி வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். “மூஞ்சிய தொங்கப்போட்டுகினு நிக்காத. அடுத்த பெட்டிய எடுத்துகினு வா” என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இனி போட்டிக்கு வருகிறேன். முதலாளியின் மனைவி இதய நோயில் இறந்தவர். அவர் நினைவாக ஆண்டுதோறும் ஊருக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் போட்டி நடத்துகிறார்கள். அதில் சேரும் பணம் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைத்த பிள்ளைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்காவும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ஒவ்வொரு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார்.

அங்கே ஒரு குழிக்கு மட்டும் தனிப் பரிசு. தூரத்திலிருந்து ஒரே அடியில் பந்தை அந்தக் குழிக்குள் போட்டால் கார். ஆகவே குழியருகே ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். விழுந்தால் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். “தாஹிரா பார்த்தா தப்பு வராது” என்று முதலாளியே அவரை நியமித்தார். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, ஒரு பேனா. “அம்மாம் பெரிய இடத்துல போயும் போயும் ஓட்டைய காவல் காக்கறியேக்கா” என்று ஏழுமலை கிண்டல் செய்வான். “நீ சும்மா கீறதுக்கு சம்பளம் வாங்கறியே, அதவிட இது தேவல” என்பார்.

போன வருடம், நம்மிடம் அதிகமாகச் சரக்கு எடுக்கும் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி அடித்த பந்து உருண்டு வந்தது. குழிக்குள் நட்டிருந்த கொடிக்கம்பத்தில் பட்டது. ஒரே கூச்சல், கைதட்டல். அவருடைய நண்பர் குழியருகே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆடினார். படிவத்தை அக்காவிடம் நீட்டினார்கள்.

“விழல சார்.”

“என்னம்மா சொல்றே?”

“கம்பத்துல பட்டு ஓரமா நின்னுச்சு. இவுரு கால் பட்டுதான் உள்ள போச்சு.”

முதலாளி வந்தார். குரலைத் தாழ்த்தி, “தாஹிரா, என் வீட்டம்மா பேர்ல நடக்கிற காரியம் இது. அசிங்கம் பண்ணாதே” என்றார்.

“அம்மா பேர்ல நடக்கறதாலதான் சார் சொல்றேன்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ பார்த்தியா?”

நான் அறுபது அடி தள்ளி, கூடாரத்துக்குள் ஸ்பீக்கர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன். கூச்சல் கேட்டுத்தான் ஓடி வந்தேன். தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். அந்த நண்பர் இன்னொரு கையெழுத்துப் போட்டார். கார் சாவியோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. என்னை யாரும் எங்கேயும் மாற்றவில்லை.

அக்கா இறந்த நான்காம் நாள் கேன்டீனில் இரங்கல் கூட்டம். இந்த வருடப் போட்டியில் தாஹிரா பெயரில் நேர்மைக் கோப்பை வழங்கப்படும் என்று முதலாளி அறிவித்தார். கைதட்டினார்கள். போட்டிக்காக அச்சடிக்கும் மலரில் அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். இந்தச் சம்பவத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன். மலர் வேலை பார்க்கும் அதிகாரி கூப்பிட்டார்.

“தம்பி, இதெல்லாமா போடுவாங்க? எல்லாரும் சந்தோஷமா இருக்கிற நாளுப்பா.”

“செத்துப்போனவங்களப் பத்தி எழுதச் சொன்னீங்க சார். இதுல யாருக்கு சந்தோஷம்?”

நேர்மையானவர் என்று எழுதலாமாம். எதில் நேர்மையாக இருந்தார் என்று எழுதக் கூடாதாம். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மலரில் வராததால் இது உங்கள் கையில் இருக்கிறது.

அன்றே ஒரு கடிதமும் எழுதினேன். போன வருடம் பந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை, என் சாட்சிக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. முதலாளி நின்றபடியே படித்தார்.

“அவங்களே இல்ல. இப்ப எதுக்கு இது?”

“அவங்க பேர்ல கோப்பை குடுக்கறீங்களே சார். அவங்க சொன்னது உண்மைன்னு யாராச்சும் எழுதிக் குடுக்க வேணாமா?”

மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். இன்றுவரை பதில் இல்லை. என்னையும் டேப் ஒட்ட அனுப்பினால் அனுப்பட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். போன வருடப் போட்டி முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பூந்தமல்லி வந்தது. இறங்க எழுந்தபோது கம்பியைப் பிடித்தபடி கேட்டார்.

“நீ தூரத்துல இருந்தியேப்பா. உனுக்கு நல்லாத் தெரிஞ்சுதா? ஒருவேள நான்தான் சரியா பாக்கலியோ?”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் பார்க்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் இறங்கிப் போனார். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிய பிறகு பத்து மாதம், தினமும் இரண்டு வேளை பேக்கிங்கைக் கடந்து போனேன். ஒரு வேளையும் நின்று பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்க்கவில்லை, அக்கா. நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.