பூட்டைப் பார்க்க வந்த இரண்டு மேடம்கள்

கணவர் விட்டுப் போன பிறகு, அனகாபுத்தூரில் ஒற்றை அறை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். எனக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அவளுக்கு மூன்றாம் வகுப்பு முடிந்து கோடை லீவு விட்டிருந்தது. காலையில் சாப்பாடு, தண்ணீர், டிவி ரிமோட் எல்லாம் எடுத்து வைத்து, அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, பூட்டுதான் காவல் என்று நினைத்தேன். பார்த்த யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். பூட்டைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். "நல்ல ஹாஸ்டல் இருக்கும்மா, சேர்த்துடலாம்" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"உங்க பிள்ளைய சேர்ப்பீங்களா மேடம்?" என்று கத்திவிட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் ஹாஸ்டல்ல வளர்ந்தவம்மா. அங்க போன பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அதனால எந்தப் பிள்ளையப் பார்த்தாலும் எனக்கு ஹாஸ்டல்தான் தோணுது. இன்னொருத்தரையும் கூட்டிட்டு வரேன்." அதிகாரி ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அவரோடு வந்த இரண்டாவது மேடம் பூட்டைப் பார்த்துச் சிரித்தார். "எங்கம்மாவும் எங்களப் பூட்டிட்டுத்தான் கம்பெனிக்குப் போவாங்க. நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?" எனக்கு வாயெல்லாம் பல். முதல் மேடம் விடவில்லை. "தீப்பிடிச்சா பாப்பா எப்படி வெளிய வரும்?" வாசலிலேயே வாக்குவாதம்.

கடைசியில் முதல் மேடம்தான் நிறுத்தினார். "நாம ரெண்டு பேரும் நம்ம கதையத்தான் பேசிக்கிட்டு இருக்கோம். பாப்பா சொல்லட்டும்."

மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா வேணும். பூட்டு வேணாம். கரண்ட் போனா பயமா இருக்கு."

ஒருநாளும் அவள் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் என்னோடு இருக்கலாம், ஆனால் இனிமேல் பூட்டக் கூடாது என்று முடிவானது. எதிர்வீட்டு அக்காவிடம் அவர்களே பேசினார்கள். தன் பிள்ளைகளோடு சேர்த்து இவளையும் பகலில் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார்.

கும்பிடப் போன என் கையை முதல் மேடம் பிடித்துக்கொண்டார். "என்னைக் கும்பிடாதம்மா. நான் மட்டுமே முடிவு பண்ணியிருந்தா, இந்நேரம் உன் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்திருப்பா."

தன் பார்வையையே சந்தேகித்த அந்த மனுஷிக்குத்தான் என் வாழ்நாள் நன்றி. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. என்னோடுதான் இருக்கிறாள்.