திருடுபோன கம்ப்யூட்டரும் கரோல் பாக் முகவரியும்

கம்ப்யூட்டர் திருடுபோனபோது பதினெட்டுத் தவணையில் ஏழுதான் கட்டியிருந்தேன். திருட்டைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோ. வீட்டுக்காரருக்கு மருந்து விற்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் பஞ்சாப், ஹரியானா என்று சுற்றிக்கொண்டிருப்பார். டில்லி மோதி பாக்கில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தோம். குவார்ட்டர்ஸ் ஒரு திருநெல்வேலிக்காரர் பேரில் இருந்தது. லோதி ரோடில் மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நாங்கள் விருதுநகர்ப் பக்கம் என்பதால் முதல் நாளே அவர் அண்ணாச்சி, அவர் மனைவி மதினி என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் கிடையாது. மதினிக்கு இடுப்பும் முழங்காலும் வாதத்தில் போய்விட்டன. மாடிப்படி ஏற முடியாது. தரைத்தள வீடு வேண்டும் என்று ஆறு வருஷம் மனு எழுதி வாங்கிய குவார்ட்டர்ஸ் அது.

சர்க்கார் குவார்ட்டர்ஸை வாடகைக்கு விடக் கூடாது. விட்டது தெரிந்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள், வேலையிலும் மெமோ வரும். ஆனாலும் டில்லியில் பாதிப் பேர் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சம்பளம் மருந்துக்கே போனால் வேறு என்ன செய்வார்கள்? நாங்களும் அப்படித்தான் குடியிருந்தோம். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எப்போதாவது செக்கிங் வரும். ஃபைலும் கையுமாக ஒருத்தன் வந்து இது யார், அது யார் என்று கேட்பான். அதற்காக அண்ணாச்சி எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அவருடைய கூடப் பிறந்த தங்கச்சி. குடியிருப்பது கரோல் பாக்கில். லீவு நாளில் அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறேன். சந்தேகப்பட்டால் ரேஷன் கார்டைக் காட்ட வேண்டியது. முன்னால் நாங்கள் கரோல் பாக்கில் இருந்தபோது வாங்கிய கார்டு, அந்த முகவரியோடு அப்படியே இருந்தது. அதை மாற்றவே கூடாது என்பது அண்ணாச்சி போட்ட முதல் நிபந்தனை. மதினிக்கு ஹிந்தி சுமார்தான். ஆனால் இந்த நாலு வரியை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒருதரம் நிஜமாகவே செக்கிங் வந்தபோது ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து, வந்தவனுக்கு டீயும் கொடுத்து அனுப்பினார். "ஏளா, எனக்கே நீ நெசமா நாத்தனாருன்னு தோணிட்டுது கேட்டியா" என்று அன்றைக்குச் சிரித்தார்.

ஆபீஸ் வேலை போக, யூனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுப்பேன். பழைய டைப்ரைட்டர். ஒரு பக்கத்தில் ஒரு வரியைப் புரொஃபசர் மாற்றச் சொன்னால் மொத்தப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். பிறகு எல்லாரும் கம்ப்யூட்டரில் அடித்து வாங்கவே விரும்பினார்கள். எனக்கு வேலை வருவது நின்றது. அதனால்தான் நேரு பிளேஸில் தவணைக்குக் கம்ப்யூட்டர் எடுத்தேன்.

கடையிலேயே தவணைக் கம்பெனியின் ஆள் உட்கார்ந்திருந்தான். நாலு பக்கத் தாள். திருட்டு, தீ எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் சேர்ந்தது, தனியாகக் கட்ட வேண்டாம் என்றான். முகவரி எது என்று கேட்டான். மோதி பாக் என்று சொல்ல வாய் வந்தது. ரேஷன் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கார்டில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுகிறேன், எல்லாருக்கும் அப்படித்தான் என்றான். எனக்கும் நல்லதாகப் போயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாலு பக்கத்தை நான் படிக்கவில்லை. அடுத்தவன் தீசிஸில் ஒரு கமா விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பேன். என் தாளைப் படிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பங்குனி உத்திரம் அந்த வருஷம் விடுமுறை நாளில் வந்தது. வீட்டுக்காரர் டூரில் இருந்தார். நானும் அண்ணாச்சியும் மதினியும் ஆட்டோ பிடித்து டில்லியிலேயே இருக்கும் மலைக் கோயிலுக்குப் போனோம். மதினி படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்து கும்பிட்டார். மத்தியானம் திரும்பி வந்தால் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் வளைந்து தொங்குகிறது. என் அறையில் மேஜை மட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருந்த இடத்தைச் சுற்றித் தூசி சதுரமாக நிற்கிறது. ஃப்ளாப்பி டப்பாவைத் தொடவில்லை. அண்ணாச்சியின் கறுப்பு வெள்ளை டிவியையும் தொடவில்லை. "நம்ம டிவிய அவனும் மதிக்கல" என்று அண்ணாச்சி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதவே மாட்டேன் என்றார்கள். இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் போட்ட சத்தத்தில் எழுதினார்கள். எங்கே திருட்டு என்றால் மோதி பாக். நீ யார் என்றால் குவார்ட்டர்ஸ்காரரின் தங்கச்சி. உன் முகவரி? கரோல் பாக். பாடத்தில் இருந்தபடியே சொன்னேன். வேறு எதைச் சொல்ல முடியும்?

இன்ஷூரன்ஸ் கம்பெனி விசாரணைக்கு ஒருவரைப் போட்டது. ஐம்பது வயதிருக்கும், பஞ்சாபி. சிடுசிடு ஆளாக இருப்பார் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரோ உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தாளை என் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். கடைசித் தவணை கட்டும்வரை கம்ப்யூட்டர் தவணைக் கம்பெனிக்குச் சொந்தம், இன்ஷூரன்ஸ் பணம் வந்தாலும் முதலில் அவர்கள் பாக்கிக்குத்தான் போகும் என்று போட்டிருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது. பொருள் அவர்களுடையது, பறிகொடுத்தது மட்டும் நான். போகட்டும், மிச்சப் பதினொரு தவணை ஒழிந்தால் போதும் என்றிருந்தேன்.

அடுத்த பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. தாளில் எழுதிய முகவரியில் பொருள் இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் செல்லும். முகவரி கரோல் பாக். திருடுபோனது மோதி பாக்கில். அண்ணன் வீட்டுக்கு வருகிறவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டா வருவாள் என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், கடையில் இருந்தவன் கார்டைப் பார்த்து எழுதிவிட்டான் என்று சொன்னேன். வாடகை என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பச்சை ஃபைலை மூடினார். நேரில் வந்து பார்க்கிறேன், நீங்கள் குடியிருப்பது அங்கேதான் என்று எனக்குத் திருப்தியானால், முகவரி கடையில் நடந்த தவறு என்று சிபாரிசு எழுதுகிறேன், மேலே ஒத்துக்கொள்வார்கள் என்றார். எந்தத் தேதி என்று லெட்டர் போடுவேன், அன்றைக்கு வீட்டில் இருங்கள் என்றும் சொன்னார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

லெட்டரை எங்கே போடுவார்? தாளில் இருக்கும் முகவரிக்குத்தான். கரோல் பாக்கில் பழைய வீட்டுச் சொந்தக்காரன் அதை மாடிப்படி ஜன்னலில் செருகிவைத்திருந்தான். அது என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறேன். மதினி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கு செக்கிங்காரன் வந்தாம்ளா. நீயும் இல்ல, ஒங்க அண்ணாச்சியும் இல்ல. நான் ஒத்தையில சமாளிச்சிட்டேன்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என்ன கேட்டான் என்றேன்.

"அந்த ரூம்ல யாரு இருக்கான்னு கேட்டான். எங்க நாத்தனா, கரோல் பாக்ல இருக்கா, லீவு நாள்ல மட்டும் வருவான்னேன். தினமும் இங்கதான இருக்காங்கன்னு திருப்பித் திருப்பிக் கேக்கான். நான் விடுவனா? ஒருநாளும் கெடையாது, கபி நஹி, கபி நஹின்னு சொல்லிட்டேன். ஒங் கம்ப்யூட்டரக்கூடக் கேட்டான். எப்பவாச்சும் கொண்டாருவா, எடுத்துட்டுப் போயிருவான்னுட்டேன்."

கம்ப்யூட்டர் என்றதும்தான் தெரிந்தது. ஆள் எப்படி இருந்தான், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தானா, கையில் பச்சை ஃபைலா என்று கேட்டேன். எல்லாம் அந்த இன்ஷூரன்ஸ்காரர்தான்.

நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். உங்கள் குவார்ட்டர்ஸுக்காக என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றேன். படித்தவர்கள் வீடாக இருந்தால் வந்தவன் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள் என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெட்ரோல் மாதிரி வாய் எனக்கு, பிறவியிலேயே அப்படி. மதினி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தும் நான் கை கொடுக்கவில்லை.

ராத்திரி அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் மதினி புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறார். என்கூட இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு வந்து, தான் சொன்னது பொய் என்று அவரே சொல்லப்போகிறாராம். அந்த ஆபீஸ் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது. நீங்கள் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூடவே நடந்து வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்:

"நீ போயி உள்ளதச் சொல்லிரும்மா. வாடகைக்கு இருக்கோம்னே சொல்லு. ஒரு பொம்பளப் பிள்ள ராவும் பகலும் தட்டித் தட்டிச் சேத்த காசு. எங்களுக்கு வாரது வரட்டும்."

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனுஷன் அவர். வீடு போனால்கூட அந்த இரண்டு வருஷத்துக்கு வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மெமோ வந்தால் பென்ஷன் நிற்கும். அது அவருக்கும் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே என்ன சொல்ல வேண்டும் என்று ஹிந்தியில் கோர்த்துப் பார்த்தேன். அந்தம்மா பயத்தில் சொல்லிவிட்டார்கள், நான் அங்கே வாடகைக்கு இருக்கிறேன், பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். மூன்று வாக்கியம். மூன்றாம் மாடி ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இதை மறைக்க மாட்டேன்.

அவர் ஃபைலைத் திறந்துவைத்திருந்தார். நீங்கள் இரண்டு வருஷமாக அங்கேயே இருப்பதாகச் சொல்கிறீர்கள், உங்கள் அண்ணி லீவு நாளில் மட்டும் வருவதாகச் சொல்கிறார், இரண்டில் எது உண்மை, அதைத்தான் நான் எழுதியாக வேண்டும் என்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைப் பார்த்தேன். எழுதினால் தாளில் ஏறும். ஏறிய தாள் ஒரு மேஜையோடு நிற்காது. பன்னிரண்டு வருஷம் ஸ்டெனோ வேலை பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காப்பி எங்கே போகும், யார் கையெழுத்துப் போட்டு யாருக்கு அனுப்புவான், லோதி ரோடில் எந்த டிரேயில் போய் விழும் என்பதெல்லாம் எனக்கு அப்படியே தெரிந்தது.

"அவங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான்."

அவர் எழுதினார். இரண்டு வரிதான். பேனாவை மூடிவிட்டு, இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தெரியும் என்றேன். எழுந்தபோது கூப்பிட்டார்.

"மேடம்ஜி, அந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில உங்க கல்யாணப் போட்டோ இருந்தது. லீவு நாள்ல மட்டும் வர்றவங்க யாரும் அதை அங்க வைக்க மாட்டாங்க. நான் இன்ஷூரன்ஸ் ஆளு, குவார்ட்டர்ஸ் ஆளு இல்ல. அந்தம்மாவைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க. டீ ரொம்ப நல்லா இருந்தது."

படியிறங்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் நல்லவர். தெரிந்தும் எழுத முடியாத நல்லவர். ரேஷன் கார்டைப் பார்த்து முகவரி எழுதியவன் மேல், வீடு கொடுக்காத ஊர் மேல், படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் கை மேல். எல்லார் மேலும் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

வீட்டில் மதினியிடம், முகவரி தப்பு, கொடுக்க மாட்டார்களாம் என்று சொன்னேன். நான் சொன்னதால்தானே என்றார். இல்லை, சட்டமே அப்படி என்றேன். வாய்க்கு வந்ததை எல்லார் முகத்துக்கு நேராகவும் சொல்கிறவள் நான். அவர் சொன்னதே சரி என்று நானே எழுத வைத்ததை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அண்ணாச்சி நாலைந்து மாதம் ஆபீஸில் மெமோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும் அவருக்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை. ஆனால் பரணிலிருந்து என் பழைய டைப்ரைட்டரை அவரே இறக்கி, எண்ணெய் போட்டு, புது ரிப்பன் வாங்கி மாட்டி மேஜையில் வைத்திருந்தார். குறைந்த கூலிக்கு அடிக்கிற வேலை கொஞ்சம் வந்தது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து கார்பன் தாளை அடுக்கிக் கொடுப்பார். எழுத்து ஒன்றும் புரியாது. தலைகீழாக வைத்துவிடுவார். நான் கத்துவேன். அவரும் திருப்பிக் கத்துவார்.

பதினொரு தவணையையும் கட்டி முடித்தேன். கடைசியைக் கட்டி இரண்டு வாரம் கழித்துத் தவணைக் கம்பெனியிலிருந்து ஒரு லெட்டர். கரோல் பாக் முகவரிக்குத்தான் வந்திருந்தது. இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். பாக்கி எதுவும் இல்லை, இன்று முதல் அந்தக் கம்ப்யூட்டர் எனக்கே முழுச் சொந்தம் என்று எழுதி, வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். மதினி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "அப்ப இந்தக் கடுதாசிய ஒரு காப்பி எடுத்து அந்தத் திருடங்கிட்டக் குடுத்துரலாம்ளா, இனி அவன் தவணக்காரனுக்குப் பயப்பட வேண்டாம்லா" என்றார். திருட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.